பவளக் கல்லும் பெண்பிள்ளை வீடும்

இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்குப் பதினேழு கிலோமீட்டர்தான். திருப்புல்லாணி தாண்டினால் பனையும் சீமைக்கருவேலமும் மாறி மாறி வரும். பிறகு உப்புக்காற்று. ஊருக்குள் பஸ் நுழைவது வள்ளல் சீதக்காதி சாலை வழியாக. செல்போன் கடை, நகைக்கடை, துபாய்க்கு டிக்கெட் போடும் டிராவல்ஸ், அத்தர் கடை, எண்ணெய் மினுங்கும் தொதலைப் பொட்டலம் கட்டி அடுக்கியிருக்கும் இனிப்புக் கடை. இதுதான் ஊர் என்று நினைத்து அடுத்த பஸ்ஸில் ஏர்வாடிக்குப் போய்விடுகிறவர்கள் நிறைய பேர். ஊர் இந்தக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது.

சாலையைவிட்டு விலகி ஒரு சந்தில் திரும்பினேன். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர். ஜன்னல் குறைவு, இருப்பவையும் தலைக்கு மேலே. ஒரு ஸ்கூட்டர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு வளைவு தாண்டியதும் கடைத்தெருச் சத்தம் நின்றுவிட்டது. பத்து மணி வெயிலுக்குச் சந்துக்குள் நிழல் இருந்தது. வெயிலையும் காற்றையும் அந்நியர் பார்வையையும் கணக்குப் பார்த்துத்தான் இந்தத் தெருக்களைப் போட்டிருக்கிறார்கள். எந்த நகரமைப்பு அதிகாரியும் வந்து கோடு கிழிக்கவில்லை.

கீழக்கரை பழைய துறைமுகம். இலக்கியத்தில் வகுதை என்று வருவது இந்த ஊர். முத்தும் சங்கும் எடுத்த கடல் இது. மன்னார் வளைகுடாச் சங்கு வங்காளத்துக்குக் கப்பல் ஏறி அங்கே திருமணமான பெண்களின் கைவளையாக மாறியது. அந்த வியாபாரத்தில் இருந்த மரைக்காயர்கள் கட்டிய ஊர் இது. அவர்களில் பெரியவர் பெரியதம்பி மரைக்காயர் என்ற ஷெய்கு அப்துல் காதர், தமிழர் எல்லோருக்கும் தெரிந்த பெயரில் சீதக்காதி. இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் நண்பர். சீறாப்புராணம் பாட உமறுப்புலவரை ஆதரித்தவர். செத்தும் கொடுத்தவர் என்ற பெயரை முந்நூறு வருஷமாக ஊர் சுமக்கிறது.

அவர் கட்டியதாகச் சொல்லப்படும் நடுத்தெரு ஜும்மாப் பள்ளியை வெளிப்பக்கம் நின்றுதான் பார்த்தேன். பெண்கள் தொழுகை இடத்துக்குள் போகும் வழக்கமில்லை. ஆனால் வெளியிலிருந்தே தெரிகிறது, இது சேதுநாட்டுக் கல்தச்சர்களின் கை. கல்தூண், அதன் மேல் போதிகை, அதன் மேல் கல் உத்தரம். உருவம் எதுவும் கிடையாது. கொடியும் பூவும் கோடும் மட்டும். இராமேசுவரம் பிராகாரத்தில் வேலை பார்த்தவனின் மகனோ பேரனோ இங்கே உளி பிடித்திருப்பான் என்று நினைத்துக்கொள்வதில் தவறில்லை. வளாகத்தில் சீதக்காதி அடங்கியிருக்கிறார். பெரும் அறிஞரான சதக்கத்துல்லாஹ் அப்பாவின் தர்காவும் இங்கே உண்டு.

கடல் பக்கம் இருக்கும் பழைய ஜும்மாப் பள்ளிக்கு ஊர்வழக்கு இன்னும் பெரிய வயது கொடுக்கிறது. யமன் நாட்டு ஆளுநர் பாதான் காலத்தில், 628-630 வாக்கில், கட்டப்பட்டது என்கிறார்கள். இப்போது நிற்கும் கல்வேலை அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்பது தூணைப் பார்த்தாலே தெரியும். அதனால் இடம் பழையதில்லை என்று ஆகிவிடாது. வயதுச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. ஆய்வாளர் மெஹர்தாத் ஷொகூஹி தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றி 2003-இல் வெளியிட்ட நூலில் கீழக்கரைப் பள்ளிகள் இடம்பெற்றுவிட்டன. இராமநாதபுரத்தின் வரலாற்றாசிரியர் எஸ்.எம்.கமால் சேதுநாட்டு வரலாற்றையும் தமிழக முஸ்லிம்களின் வரலாற்றையும் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். பள்ளிக்குப் பேச ஆள் உண்டு. வீடுகளுக்குத்தான் இல்லை.

பள்ளியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். தெருப் பெயர் வேண்டாம், அது யாரோ ஒரு குடும்பத்தின் விஷயம். முன்சுவர் பாதி விழுந்திருந்தது. உள்ளே அலமாரி மாடம் ஒன்று, பச்சை வண்ணத்தோடு, தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. கீழே குவிந்திருந்த கற்களில் ஒன்றைக் கையில் எடுத்தேன். அளவுக்கு எடை இல்லை. மேலெல்லாம் நெருக்கமாகப் பொடிப்பொடிக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் பூ மாதிரி மெல்லிய தகடுகள். பவளக் கல்.

இந்தக் கரையில் பல தலைமுறையாக வீடு கட்டக் கல் கடலிலிருந்து வந்தது. மலை கிடையாது, கருங்கல் தூரத்திலிருந்து வர வேண்டும், களிமண் செங்கலை உப்பு தின்றுவிடும். பக்கத்துக் கடலில் பவளப்பார் கிடந்தது. ஈரத்தில் வெட்ட எளிது, காய்ந்தால் இறுகும். மிஞ்சிய சல்லியைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. கல்லும் அதை ஒட்டும் காரையும் ஒரே கடலிலிருந்து. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த காரை, வருஷம் ஆக ஆகக் கல்லோடு கல்லாகிவிடும். தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்தச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். 1964 டிசம்பர் புயல் ஊரையே கொண்டுபோனது, கூரை போனது, பூச்சு போனது. பவளக் கல் சுவர் இன்னும் நிற்கிறது.

அதே கடலுக்கு இதனால் என்ன ஆனது என்பதையும் சொல்லாமல் போகக் கூடாது. வீட்டுக்கு எடுத்தவரை கடல் தாங்கியது. பிறகு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்காக லாரி லாரியாக வெட்டினார்கள். கடற்கரையிலிருந்து பார்த்தால் எதிரே கீழக்கரைத் தீவுக்கூட்டம்: அப்பா தீவு, தலையாரி, வாழை, முல்லி. ஏழு என்று கணக்கு. அதில் பூவரசன்பட்டி நீருக்குள் போய்விட்டது. அலையைத் தடுக்கும் பார் போனதும் மணல் தீவு கரைந்தது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், சேர்த்தார்கள். சரியான காரியம். இனி ஒரு கல்கூட எடுக்கக் கூடாது.

அப்படியானால் இந்தச் சுவர்களின் நிலை என்ன? கடலிலிருந்து இனி வர முடியாத கல் இது. ஒரு சுவர் விழுந்தால் அதே சுவரை இன்னொரு முறை யாராலும் கட்ட முடியாது. கோடிக்கணக்கில் பணம் இருந்தாலும் முடியாது. கடலில் ஒரு துண்டை எடுத்தால் வழக்கு, தெருவில் ஒரு டிராக்டர் நிறையப் பள்ளத்தில் கொட்டினால் கேட்பாரில்லை. நான் நின்ற இடத்தில் அந்த டிராக்டர் நின்றிருந்தது. எங்கே போகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டேன். “மேடு பண்ண அடிக்கிறோம்க்கா, ஊருக்கு வெளிய பிளாட்டு” என்றார். புதிய மனைப்பிரிவுக்குப் பழைய ஊர் அடிமண்.

சென்னையில் இப்படி ஒரு கட்டடம் இடிபட்டால் எதிரி யார் என்று சொல்வது எளிது. அண்ணா சாலையின் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் காத்துத் தீர்ப்புச் சொன்னது. நகரத்தின் பாரம்பரியக் கட்டடங்களுக்குப் பட்டியலும் குழுவும் வந்தன. ஒரு பக்கம் பெரிய நிறுவனம், மறுபக்கம் ஆர்வலர். கீழக்கரையில் அந்தக் கணக்கு ஓடாது. இங்கே பில்டர் வந்து மிரட்டி வாங்கவில்லை. வீட்டை இடிப்பது வீட்டுக்காரர்களே, அதுவும் பாசத்தினால்.

ஊரின் வழக்கம் தெரிந்தால்தான் இது புரியும். காயல்பட்டினம் போலவே இங்கும் கல்யாணமான பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடமை. உம்மாவின் வீடு மகளுக்கு, மகளின் வீடு பேத்திக்கு. ஆண்கள் கொழும்பு, பினாங்கு, ரங்கூன், பிறகு துபாய் என்று கடல் தாண்டிப் போய் வருஷக்கணக்கில் இருந்த ஊரில், வீடு பெண்ணின் பெயரில், பெண்ணின் காவலில் இருந்தது. நல்ல ஏற்பாடு என்றுதான் நான் சொல்வேன். புருஷன் வீட்டில் போய் ஒண்டிக்கொண்டிருந்த என் அம்மா தலைமுறைப் பெண்களுக்கு இது கனவிலும் கிடைக்காதது.

ஆனால் மூன்று மகள்கள் என்றால் மூன்று வீடு வேண்டும். மகள் தாய்க்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அதே தெருவில் என்றால் இன்னும் நல்லது. தெருவில் இடம் இல்லை. ஆகவே பெரிய வீட்டை நடுவில் பிரிப்பார்கள், முற்றத்தை மூடுவார்கள், கடைசியில் மொத்தமாக இடித்து மூன்று மாடி எழுப்பி மகளுக்கு ஒரு மாடி. இலங்கையின் காத்தான்குடியிலும் இதே வழக்கம், இதே நெருக்கடி. மகளுக்கு வீடு கொடுத்துக் கொடுத்து, வெறும் நிலமே கிடைக்காத ஊர் அது.

பணம் வளைகுடாவிலிருந்து வருகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டடம் கட்டுவதில் கீழக்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. இந்த ஊரில் 1927-இல் பிறந்த பி.எஸ்.அப்துர் ரகுமானின் நிறுவனம்தான் சென்னையின் ஜெமினி மேம்பாலத்தைக் கட்டியது. மேம்பாலம் திறக்கப்பட்ட 1973-இல்தான் அவர் பங்கில் ஈ.டி.ஏ. நிறுவனம் துபாயில் தொடங்கியது. அந்த வாசல் வழியாக ஊரில் வீட்டுக்கு ஒருவர் போனார். பாலைவனத்தில் கோபுரங்கள் எழுவதைப் பார்த்துத் திரும்பியவர்களுக்கு, உம்மாவின் வீட்டுத் தாழ்வான நிலைப்படி தலையில் இடிக்கத்தான் செய்யும்.

தோழி ஒருத்தி தாசிம் பீவி கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அவளுடைய மாமி வீட்டுக்கு அழைத்துப் போனாள். வெளியே வெறும் சுவர், ஒரு ஆள் குனிந்து போகும் கதவு. உள்ளே போனதும் கூடம், கூடத்தைத் தாண்டி முற்றம், வானம். பர்மாத் தேக்கு உத்தரங்கள் வரிசையாக. ஓர் அறை முழுக்க மரப்பெட்டிகளும் பீங்கான் தட்டுகளும். மின்விசிறி ஓடவில்லை, கரண்ட் இல்லை, வேர்க்கவும் இல்லை. சுவரைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது.

“வாங்கம்மா, உட்காருங்க. இது எங்க உம்மம்மா வூடு. அவங்க எங்க உம்மாவுக்குக் குடுத்து, உம்மா எனக்குக் குடுத்தாங்க” என்றார் மாமி. தொதல் தட்டு வந்தது. பின்பக்கம் காட்டினார். பின்வாசலைத் திறந்தால் இன்னொரு வீட்டின் முற்றம். அதன் பின்வாசலைத் திறந்தால் மூன்றாவது. தெருவில் கால் வைக்காமல் பெண்கள் இந்த வழியாகவே அடுத்தடுத்த வீட்டுக்குப் போய் வந்தார்களாம். பிரசவத்துக்கு, மையித்து வீட்டுக்கு, சும்மா பேச. “இப்ப அந்தப் பக்கம் அடைச்சாச்சு. அந்த வூட்டை இடிச்சுக் கட்டுனாங்க, காம்பவுண்டு போட்டுட்டாங்க. நான் தெருவச் சுத்தித்தான் போறேன். முழங்கால் வலி, அதுனால போறதில்ல.”

பழைய நகரங்களைக் காப்பது பற்றிய புத்தகங்களில் முகப்பு பற்றி நிறைய எழுதுவார்கள். தெருவைப் பார்க்கும் முகம், தூண், வளைவு, வண்ணம். புதுச்சேரியில் இன்டாக் செய்த வேலை அப்படிப்பட்டது: வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் தெருமுகங்களை வீட்டுக்காரர்களோடு செலவைப் பகிர்ந்து மீட்டார்கள், 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அங்கே அது பொருந்தியது, அந்த வீடுகளின் அழகே தெருத் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் இருந்தது. கீழக்கரை வீட்டுக்கு முகமே இல்லை. அதன் எல்லாம் உள்ளே. முகப்பை மட்டும் காப்பாற்றுவோம் என்று ஒரு திட்டம் வந்தால் இங்கே காப்பாற்றப்படுவது ஒரு வெறும் சுவர்.

காலியில் நடந்தது வேறு விதம். இலங்கையின் காலிக் கோட்டை 1988-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கும் பவளக் கல், சுண்ணாம்பு, அங்கும் கடல் வாணிபம் செய்த முஸ்லிம் குடும்பங்கள். சட்டம் கறாராக இருந்தது, வீடுகள் நின்றன. ஆனால் விலை ஏறியதும் பல குடும்பங்கள் வெளிநாட்டவருக்கு விற்றுவிட்டுக் கோட்டைக்கு வெளியே போயின. வீடு இருந்த இடத்தில் பூட்டிக் ஹோட்டல். கல் மிஞ்சியது, பின்வாசல் போனது. காரைக்குடி இன்னொரு வகை. அங்கே வீட்டைப் பிரித்து, தூணையும் நிலைக்கதவையும் முனீஸ்வரன் கோயில் தெருவில் எடைக்கும் அழகுக்கும் விலை போட்டு விற்கிறார்கள். கீழக்கரைக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1966-ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் இருக்கிறது. இராமநாதபுரத்தில் சேதுபதியின் இராமலிங்க விலாசத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது, ஓவியங்களோடு. அரசருக்கு அரண்மனை, ஆகவே நினைவுச்சின்னம். அரசரின் நண்பர் வாழ்ந்த தெருவில் பெண்கள் வாழும் வீடு அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. தனியார் கட்டடங்களையும் எட்டக்கூடிய பாரம்பரிய ஆணையச் சட்டத்தைச் சட்டமன்றம் 2012-இல் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனை முற்றங்களுக்குக் கூரை போட்டிருப்பார்கள்!

இடிக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு போட்டுவிட்டால் தீராது. மூன்று மகள் இருக்கும் தாயிடம் போய், இது பாரம்பரியம், தொடாதீர்கள் என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை. அவருக்கு மாற்று வழி காட்ட வேண்டும். முற்றத்தையும் தெருச்சுவரையும் பின்வாசலையும் அப்படியே விட்டுவிட்டு, பின்கட்டில் மாடி எழுப்ப அனுமதியும் வரைபடமும் கொடுக்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கொண்டுவந்து இங்கே நாலு பேரைப் பழக்கலாம். ஊரிலேயே முகமது சதக் பொறியியல் கல்லூரி 1984-இலிருந்து இருக்கிறது. சிவில் மாணவர்கள் தெருவுக்குத் தெரு அளவெடுத்தால் ஒரு பருவத்தில் பாதி ஊர் தாளில் ஏறிவிடும். இடித்தே தீருவோம் என்கிறவர்களின் கல்லையாவது பள்ளத்துக்குப் போகாமல், பழுது பார்க்கும் வீடுகளுக்கென்று ஜமாத் ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம். இதற்கெல்லாம் கூட்டம் கூட்டினால் வழக்கம் போல ஆண்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் அந்த அறையில் இருப்பதில்லை. எந்தத் திட்டமும் முதலில் போக வேண்டிய இடம் பின்வாசல்.

பள்ளிவாசல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கடற்கரை நெடுகப் பார்த்துவிட்டேன். தொழ வருகிறவர்கள் பெருகியதும் பழைய பள்ளியைப் பெரிதாக்குகிறார்கள். அது நியாயமான தேவை. ஆனால் கல்தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பதும் சுவரில் பளபள டைல்ஸ் ஒட்டுவதும் எந்தத் தேவையில் சேரும்? சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே உப்புப் பூத்துச் சுவர் உதிரும். அழகு பற்றிய என் புலம்பலை ஒதுக்கிவிடுங்கள், செலவுக் கணக்கே இதற்கு எதிராக நிற்கிறது.

அந்தக் கணக்கு வீட்டுக்கும் பொருந்தும். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்தால் மேலிருக்கும் கான்கிரீட் பிளந்து விழும். கடலோர ஊர்களில் முப்பது வருஷத்துக் கூரைகள் உதிர்வதை யாரும் பார்க்கலாம். பவளக் கல் சுவரில் கம்பியே இல்லை, துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. மாமி வீட்டுக்கு எதிர்வீடு புதிது. அதன் போர்டிகோ அடியில் பழுப்பு நிறத்தில் கம்பி இப்போதே தெரிகிறது. இதை நான் சுட்டிக்காட்டியபோது மாமிக்கு அது புதுச் செய்தி இல்லை. “தெரியுது. ஆனா அங்க ரூமுக்கு ரூம் பாத்ரூம் இருக்கே” என்றார்.

அங்கேதான் பேச்சு சூடு பிடித்தது. வீட்டில் ஒரே கழிவறை, கொல்லைக் கோடியில். மழை பெய்தால் நனைந்துகொண்டு போக வேண்டும், ராத்திரியில் முழங்கால் வலியோடு போக வேண்டும். துபாயிலிருந்து வரும் மருமகன் இரண்டு வாரத்துக்கு மேல் தங்குவதில்லை. மூத்த மகள் இடித்துக் கட்டச் சொல்கிறாள், சின்னவள் வேண்டாம் என்கிறாள், நடுவில் உள்ளவள் சார்ஜாவிலிருந்து வாட்ஸ்அப்பில் வாக்களிக்கிறாள். என் தோழி ஒரு சாக்குக்கட்டி கொண்டுவந்தாள். கூடத்துக்குப் பின்னால், முன்பு நெல் மூட்டை வைத்த இருட்டறை ஒன்று. அதன் தரையில் கோடு கிழித்தோம். இங்கே கமோடு, இங்கே வாஷ்பேசின். தண்ணீர்க் குழாயைச் சுவருக்குள் புதைக்கக் கூடாது, வெளியோடு கொண்டுபோக வேண்டும் என்றேன். கழிவு நீர் எந்தப் பக்கம் போகும் என்று மாமி கேட்டார். முற்றத்துத் தரைக்கு அடியில் பழைய வடிகால் ஒன்று போகிறது, அதன் வாட்டம் தெரிந்தால் சொல்லலாம். மாமி கொல்லை வேலை பார்க்கும் பெரியவரைக் கூப்பிட்டு ஒரு வாளித் தண்ணீரை முற்றத்தில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் கிழக்கே ஓடியது, அடைத்த பின்வாசல் பக்கம். “அப்ப அந்தக் கதவத் தொறந்தாத்தான் குழாய் போட முடியும்” என்ற மாமி, பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டார்.